நமக்கும் ஒரு பங்கு உண்டு



'நகரும் நாமும்' என்னும் இப்பகுதியில் இத்திங்கள், மும்பை மாநகரத்துக் கத்தோலிக்கப் பங்கு ஒன்றின் வார ஒழுங்கையும், இனி வரும் திங்கள்களில் அங்கு நிகழவிருக்கும் விழாக்களையும் எடுத்துரைக்க விழைகின்றோம். நம் சங்கத்துக் குடும்பங்களுள் தூத்துக்குடி, நெல்லை, குமரி, தஞ்சை, திருச்சிப் பகுதிகளிலிருந்து வந்த கத்தோலிக்கர் பலர் உளர். ஏனைய அன்பர்களும் அவர்களோடு ஒரே மாடியில், ஒரே சந்தில் அண்டை வீட்டாராக வாழ்கின்றனர். புதன்கிழமைதோறும் மாகிம் கோவிலுக்குச் சென்று மெழுகுவர்த்தி ஏற்றி வருவோர் அவர்களுள்ளும் உண்டு. ஆகவே இஃது ஒரு சாரார்க்கு மட்டும் உரிய செய்தியன்று.

தமிழில் 'பங்கு' என்னும் சொல்லுக்கு உடைமையில் ஒருவனுக்கு உரிய கூறு என்பது பொருள். கத்தோலிக்கரோ தம் ஆலயத்தையும், அதனைச் சூழ்ந்த வட்டாரத்துக் குடும்பங்களையும் சேர்த்துப் பங்கு என்றே வழங்குவர். கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர்க்கு இவ்விரு பொருளும் ஒன்றாகவே தோன்றும். கோவிலுக்கு வரி கொடுப்பதும், கொடியேற்றத்துக்கு வந்து நிற்பதும், சப்பரத்துக்குத் தோள் கொடுப்பதும், இறந்தவரை மூதாதையர் பக்கத்தில் அடக்குவதும் அவருக்குப் பிறப்போடு கிடைத்த பங்கு. யாரிடமும் சென்று கேட்டுப் பெற வேண்டுவதில்லை.

மும்பைக்கு வந்த பின் நிலை மாறுகிறது. இங்கே கோவில் உண்டு, பூசையும் உண்டு. ஆனால் தாமாக வந்து நம் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வார் அரியர். இருபது ஆண்டுகள் இந்நகரில் வாழ்ந்தும் எந்தக் கோவிலின் பதிவேட்டிலும் பெயர் ஏறாத குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. வீட்டில் மணமோ மரணமோ நிகழும் நாளில்தான் அதன் விளைவு தெரியவருகிறது. அந்நாள் வருமுன் அறிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகின்றோம்.

ஞாயிறு முதல் சனி வரை

ஞாயிற்றுக்கிழமையே பங்கின் தலையாய நாள். விடியற்காலைப் பூசைக்குத் தொழிற்சாலைக்கும் மருத்துவமனைக்கும் பணிக்குச் செல்வோர் வருவர். அடுத்துச் சிறுவர் பூசையும், அதனை ஒட்டி வகுப்பு வாரியாக ஞானோபதேசமும் நடைபெறும். இக்காலத்தார் இதனை மறைக்கல்வி என்பர். பின்னர் அவ்வட்டாரத்து மக்களின் தாய்மொழிக்கேற்பக் கொங்கணியிலோ, மராத்தியிலோ, இந்தியிலோ, தமிழிலோ பூசை அமையும். மாலையில் ஆங்கிலப் பூசை மீண்டும் உண்டு. ஞாயிறன்று வேலைக்குச் செல்ல வேண்டியவர் சனி மாலைப் பூசையில் கலந்துகொண்டால் அதுவே ஞாயிறு கடனை நிறைவேற்றியதாகும்.

இம்மக்கள் யாவர் என்பதையும் அறிதல் நன்று. கோவாவினின்று வந்தவர், மங்களூரினின்று வந்தவர், கேரளத்தார், தமிழர் எனப் பலரும் குடியேறியவரே. மண்ணுக்கு உரியவர், மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட 'கிழக்கிந்தியர்' என்னும் வகுப்பார். வடகொங்கணக் கரையின் பழங்குடியினராகிய இவர்கள், 1887-ஆம் ஆண்டில் தமக்கென ஒரு சங்கம் கண்டபோது, வெளியினின்று வந்த கத்தோலிக்கரினின்றும் தம்மைப் பிரித்துக் காட்டவே இப்பெயரை மேற்கொண்டனர். எனவே மும்பைப் பங்கு என்பது நெடுங்காலமாகவே குடிவந்தோரும் மண்ணின் மைந்தரும் ஒரே கூரையின்கீழ் வாழப் பழகிய இடம். தமிழர் அங்கே புதுமையான விருந்தினர் அல்லர்.

வார நாள்களில் காலைப் பூசை நாள்தோறும் உண்டு. செவ்வாய்க்கிழமை அந்தோனியார்க்கு உரியது. தமிழர் இல்லங்களில் இதனை மறப்பார் இல்லை. புதன்கிழமை சகாய மாதாவின் நவநாள். மாகிமிலுள்ள புனித மிக்கேல் ஆலயத்தில் இந்நவநாள் 1948-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் புதன்கிழமை தொடங்கியது. இன்று அது சமய வேறுபாடின்றி மக்கள் வந்து குழுமும் நாளாக நகரெங்கும் அறியப்பட்டிருக்கிறது. ஒன்பது புதன்கள் இடைவிடாது வருவதாக நேர்ந்துகொள்வர். வீடு வேண்டுவோர் மெழுகினால் ஆன சிறு வீட்டையும், கால் நோய் தீர வேண்டுவோர் மெழுகுக் காலையும் காணிக்கையாக வைப்பர். நம் ஊர்களில் வெள்ளியாலோ மரத்தாலோ செய்து வைக்கும் உருக்களை நினைவில் கொண்டால் இவ்வழக்கம் நமக்கு வியப்பாகாது.

திங்களின் முதல் வெள்ளி சேசுவின் திரு இருதயத்துக்கு உரியது. அன்று நோயாளிகள் இருக்கும் இல்லங்களுக்குக் குருவானவர் நற்கருணை கொண்டு வருவது வழக்கம். நடக்க இயலாத பெற்றோரை வீட்டில் வைத்திருப்போர் பங்கு அலுவலகத்தில் ஒரு சொல் சொல்லி வைத்தால் போதும். சனிக்கிழமை மாலை பாவசங்கீர்த்தனத்துக்குரிய நேரம்.

இவற்றோடு வாரந்தோறும் கூடும் சபைகளும் உண்டு. 1833-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஓசனாம் என்பாரும் அவர்தம் தோழரும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையின் கிளை பெரும்பாலான பங்குகளில் இருக்கிறது. அதன் உறுப்பினர் இருவர் இருவராகச் சென்று வறிய குடும்பங்களைக் கண்டு, அரிசியும் மருந்தும் பள்ளிக் கட்டணமும் தந்து உதவுவர். 1921-இல் டப்ளின் நகரில் தோன்றிய மரியாயின் சேனையும் அவ்வாறே வாரந்தோறும் கூடுகிறது. வேலை இழந்த தமிழர் குடும்பங்கள் இவற்றை நாடத் தயங்குவதுண்டு. மொழி தெரியாமையே தயக்கத்துக்குக் காரணம். தமிழ் அறிந்த ஓர் உறுப்பினர் சபையில் இருப்பாராயின் அத்தயக்கம் நீங்கும். அவ்வுறுப்பினர் நம்மில் ஒருவராக இருத்தல் கூடாதா?

பூசையின் மொழி

நம் பாட்டன்மார் காலத்தில் பூசை இலத்தீன் மொழியில் நடைபெற்றது. தூத்துக்குடியில் கேட்ட பூசையே பாந்திராவிலும் கேட்டது. குருவின் மொழி எவர்க்கும் தாய்மொழியன்று. ஆதலின் எவரும் அங்கே அயலார் அல்லர். குரு இலத்தீனில் ஓத, மக்கள் தத்தம் மொழியில் செபமாலை சொல்லுவர். தமிழ்ச் செபத்துக்கோ நெடிய வரலாறு உண்டு. அண்ட்ரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சாயிற்று. இந்திய மொழிகளுள் ஒன்றன் எழுத்தில் இந்நாட்டில் அச்சான முதல் நூல் இத்தமிழ்ச் செபநூலே.

1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டைப் பற்றிய தன் ஏட்டை வெளியிட்டு, மக்கள் மொழியில் வழிபட வாயில் திறந்தது. மறு ஆண்டே, 1964 டிசம்பரில், உலக நற்கருணை மாநாட்டுக்காகத் திருத்தந்தை ஆறாம் பவுல் மும்பைக்கு எழுந்தருளினார். இந்திய மண்ணை மிதித்த முதல் திருத்தந்தை அவரே. பின்வந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டில் பூசை முழுமையும் தமிழாயிற்று. முதியோரும் எழுத்தறியாதோரும் வேத வசனத்தைக் காதாரக் கேட்டுப் பொருள் உணர்ந்தனர். அதன் நன்மை அளவிடற்கரியது.

ஆயினும் பிற மாநிலத்தில் வாழ்வோர்க்கு அந்நன்மையுடன் ஒரு வினாவும் வந்து சேர்ந்தது. வழிபாடு மக்கள் மொழியில் எனின், எந்த மக்களின் மொழியில்? கொங்கணிப் பூசையில் தமிழர் வாய்மூடி நிற்கின்றனர். ஆங்கிலப் பூசையில் பிள்ளைகள் பாடப் பெற்றோர் பேசாதிருக்கின்றனர். எனவே தமிழ்ப் பூசை நடைபெறும் கோவிலைத் தேடி, இரண்டு இரயில் மாறி, குழந்தைகளை இடுக்கிக்கொண்டு செல்லும் குடும்பங்கள் பல. இவ்வேட்கையைத் திருச்சபையும் குறை கூறவில்லை. 1952-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், குடிபெயர்ந்தோரைப் பேணுவது பற்றி ஒரு பேரேட்டை வெளியிட்டார். எகிப்துக்கு ஓடிப் பிழைத்த நாசரேத்துக் குடும்பத்தைக் குடிபெயர்ந்தோர் அனைவர்க்கும் முன்மாதிரியாகக் காட்டி, அவர்தம் மொழியறிந்த குருக்களைக் கொண்டு அவர்களைப் பேண வேண்டும் என்று அவ்வேடு வலியுறுத்தியது.

தொலைவிலுள்ள தமிழ்ப் பூசைக்குச் செல்வது தவறன்று, அது போற்றத்தக்கதே. ஆனால் அங்கே சென்று வருவதால் மட்டும் நாம் அப்பங்கின் மக்கள் ஆகிவிடுவதில்லை. நம் வட்டாரத்துப் பங்கிலோ நம்மை யாரும் அறியார். இவ்வாறு நாம் இரண்டிடத்தும் விருந்தினராகவே நின்றுவிடுகிறோம்.

சட்டம் கூறுவது யாது?

மகளுக்கு வரன் உறுதியாகியுள்ள ஓர் அன்பர் நம்மை வினவினார். ஏழு ஆண்டுகளாக நகரின் வடபகுதியில் குடியிருக்கிறார். பூசைக்குச் செல்வதோ வேறொரு கோவில். பெயர் இருப்பதோ நெல்லைச் சீமையில். மணப்பெண் எந்தப் பங்கைச் சேர்ந்தவள் என்று குருவானவர் கேட்டபோது விடையளிக்க இயலவில்லை என்றார். "நாங்கள் எந்தக் கோவிலுக்கு உரியவர்?" என்பதே அவர் வினா. இவ்வினா பலர்க்கும் உரியது.

1983-ஆம் ஆண்டில் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதற்குத் தெளிவான விடை தருகிறது. பொதுவாகப் பங்கு என்பது எல்லை வகுக்கப்பட்ட நிலப்பகுதி. அவ்வெல்லைக்குள் வாழும் கத்தோலிக்கர் அனைவரும், மொழி யாதாயினும், அப்பங்கைச் சேர்ந்தவரே. ஓரிடத்தில் நிலையாக வாழும் எண்ணத்தோடு குடியேறினாலோ, ஐந்து ஆண்டுகள் முழுமையாக வாழ்ந்துவிட்டாலோ, அங்கே அவருக்கு நிலையான உறைவிடம் உண்டாகிறது. மூன்று திங்களேனும் தங்கும் எண்ணத்தோடு வந்தாலோ, மூன்று திங்கள் தங்கிவிட்டாலோ, பகுதி உறைவிடம் உண்டாகிறது. இவ்விரண்டில் ஒன்று அமைந்தாலே அவ்விடத்துப் பங்குக் குரு அவருடைய குரு ஆகிறார்.

நேயர்கள் இதனை ஊன்றி நோக்க வேண்டும். வேண்டியது மூன்று திங்களே. சொந்த வீடு வேண்டா. வாடகை ஒப்பந்தம் பதினொரு திங்களுக்கே ஆயினும் தடையில்லை. ஆங்கிலம் அறிந்திருக்கவும் வேண்டுவதில்லை. இந்நகரத்துப் பங்கு நமக்கு உரிமையால் உரியது. பதிவேட்டில் பெயர் எழுதுவது புதிதாக உரிமை பெறுவதற்கன்று. உள்ள உரிமையைப் பிறர் அறியச் செய்வதற்கே.

திருமணத்துக்கு விதி இன்னும் தளர்ந்தது. மணமக்களுள் ஒருவர்க்கு உறைவிடமோ, பகுதி உறைவிடமோ, ஒரு திங்கள் தங்கலோ உள்ள பங்கில் மணம் நடைபெறலாம். உரிய குருவின் இசைவோடு வேறிடத்திலும் நிகழ்த்தலாம். எனவே அவ்வன்பரின் மகள் ஐயமின்றித் தாம் குடியிருக்கும் பங்கின் பெண்ணே. அங்கே பெயரைப் பதிந்துகொண்டு, அக்குருவின் இசைவைப் பெற்று, தமிழ்ப் பூசை நடைபெறும் கோவிலிலேயே மணத்தை நிகழ்த்த வழி தேடலாம்.

ஓலையும் ஞானஸ்நானச் சீட்டும்

திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகள் கோவிலில் ஓலை வாசிக்கும் வழக்கத்தை அனைவரும் அறிவர். அதற்கு முன் ஆக வேண்டியவை சில உள.

முதலாவது, ஞானஸ்நானச் சீட்டு. பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் பழைய சீட்டு இதற்கு உதவாது. ஞானஸ்நானம் பெற்ற கோவிலின் பதிவேட்டில் ஒருவருடைய பெயருக்கு எதிரே அவர் பெற்ற உறுதிப்பூசுதலும், திருமணமும், குருப்பட்டமும் குறிக்கப்படும். மணம் எங்கு நடந்தாலும் செய்தி அக்கோவிலுக்கு அனுப்பப்பட்டு அங்கே எழுதப்படும். ஆகவே பொதுவாக ஆறு திங்களுக்குள் பெற்ற புதிய சீட்டு ஒன்றே, அவர் முன்னர் மணமாகாதவர் என்பதைக் காட்டவல்லது. நூறு காதத்துக்கு அப்பால் வாழ்ந்தாலும் நம் ஊர்க் கோவிலின் ஏடு நம்மை மறப்பதில்லை என்பதற்கு இஃது ஒரு சான்று.

இரண்டாவது, பெயர். இதில்தான் நம்மவர் பெரிதும் இடர்ப்படுகின்றனர். ஊர்ப் பதிவேட்டில் சின்னப்பன் என்றிருப்பவர் இந்நகரத்துப் பள்ளிச் சான்றிதழில் பால் ஆகிறார். சூசை ஜோசப் ஆகிறார். இராயப்பன் பீட்டர் ஆகிறார். அருளப்பன் ஜான் ஆகிறார். ஞானப்பிரகாசம் அலோசியஸ் ஆகிறார். தமிழறிந்தார்க்கு இவை ஒரே பெயர். அலுவலகத்தார்க்கு வெவ்வேறு ஆள்கள். தந்தை பெயரைத் தலையெழுத்தாக இடும் நம் வழக்கமும், குடும்பப் பெயர் கேட்கும் இந்நகரத்து வழக்கமும் முரண்படுவதால் குழப்பம் மேலும் வளர்கிறது. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போதே நகராட்சிப் பிறப்புச் சான்றிதழில் உள்ளவாறே பெயரை எழுதச் செய்தல் நலம். சூசை என்னும் பெயரைக் கைவிட வேண்டுவதில்லை. இரண்டு ஏட்டிலும் சூசை என்றே எழுதினால் போதும்.

பிறப்புச் சான்றிதழ் பற்றியும் ஒரு சொல். முற்காலத்தில் ஞானஸ்நானச் சீட்டைக் காட்டிப் பள்ளியில் சேர்த்தவர் உண்டு. 2023-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளும் அதன் பின்னரும் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த நாளையும் இடத்தையும் மெய்ப்பிக்கப் பிறப்புச் சான்றிதழே வேண்டும் எனச் சட்டம் திருத்தப்பட்டுள்ளது. ஆதலின் இரண்டையும் தனித்தனியே பெற்று வைத்தல் வேண்டும்.

மூன்றாவது, காலம். திருமணத்துக்கு முன் மணமக்கள் இருவரும் ஆயத்தப் பயிற்சியில் கலந்துகொள்ள வேண்டும். ஊரினின்று சீட்டுகள் வருவதற்கும் நாள் ஆகும். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த பின் குருவானவரைக் காணச் செல்வது நம்மவரிடையே காணப்படும் வழக்கம். முதலில் குருவானவரைக் கண்டு, பின்னர் மண்டபத்தைப் பேசுவதே முறை.

இறுதிக் கடன்

மணத்துக்காவது நாள் குறிக்க இடமுண்டு, மரணத்துக்கு இல்லை. இறந்தவரின் இறுதி வழிபாடு அவருடைய சொந்தப் பங்குக் கோவிலில் நடைபெறுவதே பொது விதி. அப்பங்கிற்கெனக் கல்லறைத் தோட்டம் இருப்பின் அங்கேயே அடக்கம் செய்யப்படுவார். பெயர் எந்தப் பங்கிலும் இல்லையெனின், துக்க வீட்டார் இரவோடிரவாக ஒவ்வொரு கோவிலாகச் சென்று தம்மை யார் என்று விளக்க நேரும். கண்ணீரோடு நிற்பவர்க்கு இதனினும் பெரிய துன்பம் வேறுண்டோ?

இன்னும் ஒன்றை முன்கூட்டியே முதியோர்க்குப் பக்குவமாக எடுத்துரைத்தல் வேண்டும். மும்பையில் நிலம் அரிது. கல்லறைத் தோட்டங்களில் ஒரு குழி சில ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் தோண்டப்பட்டு வேறொருவர்க்கு அளிக்கப்படுவது வழக்கம். முன்னவரின் எலும்புகள் எடுக்கப்பட்டுச் சுவரில் அமைந்த சிறு மாடங்களில் வைக்கப்படும். மாடத்தின் முகப்பில் பெயர் பொறிக்கலாம். நம் ஊரில் பாட்டன், தந்தை, மகன் என மூன்று தலைமுறையார் ஒரே இடத்தில் துயில்வதைக் கண்டவர்க்கு இச்செய்தி நெஞ்சைத் தைக்கும். முன்னரே அறிந்திருப்பின், மாடம் பெறுவதா, உடலை ஊருக்குக் கொண்டு செல்வதா என்பதைக் குடும்பத்தார் அமைதியாகக் கலந்து முடிவு செய்யலாம்.

பிள்ளைகளும் தமிழும்

ஞாயிறு ஞானோபதேச வகுப்பு இந்நகரில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. புதுநன்மைக்கும் உறுதிப்பூசுதலுக்கும் பிள்ளைகளை ஆயத்தம் செய்யும் வகுப்பு ஆதலின் அதனைத் தவிர்க்க இயலாது, தவிர்க்கவும் வேண்டா. பிள்ளை தன் வட்டாரத்துத் தோழரோடு கூடிக் கற்பதால் அவனுக்குப் பங்கு சொந்தமாகிறது.

தமிழ்ச் செபத்தைக் கற்பிக்க வேண்டிய இடம் வீடு. மாலை விளக்கேற்றிய பின் குடும்பமாக அமர்ந்து செபமாலை சொல்லும் வழக்கம் நம் ஊர்களில் இன்றும் உண்டு. இந்நகரத்து வேலை நேரங்கள் அதனைக் குலைத்துவிட்டன. நாள்தோறும் இயலாவிடினும் வாரத்தில் ஒரு நாளேனும் அவ்வழக்கத்தைக் காத்தல் வேண்டும். 'கர்த்தர் கற்பித்த செபத்தை'த் தமிழில் சொல்லத் தெரியாத பேரன், படுக்கையில் இருக்கும் பாட்டியோடு சேர்ந்து செபிப்பது எவ்வாறு? பாட்டிக்கு ஆங்கிலம் வராது. பேரனுக்குத் தமிழ் வராது. ஒரே வீட்டில் ஒரே இறைவனை இருவர் தனித்தனியே வேண்டும் நிலை நமக்கு வர வேண்டா.

தமிழ்ப் பூசை நிலைத்திருப்பதற்கும் பதிவேட்டுக்கும் தொடர்பு உண்டு என்பதை ஈண்டுக் குறிப்பிடுதல் வேண்டும். ஒரு பங்கில் திங்களுக்கு ஒரு முறையேனும் தமிழ்ப் பூசை வேண்டும் என விண்ணப்பிப்போமாயின், "இங்கே தமிழ்க் குடும்பங்கள் எத்தனை?" என்பதே முதல் வினாவாக எழும். விடை ஏட்டில் இருக்க வேண்டும். நாம் நூறு குடும்பத்தார் அவ்வெல்லைக்குள் வாழ்ந்தாலும், பெயர் எழுதியவர் பதின்மர் எனில் நாம் பதின்மரே. எனவே வட்டாரப் பங்கில் சேர்ந்தால் தமிழை இழந்துவிடுவோம் என அஞ்சும் அன்பர்கள் அவ்வச்சத்தை விடுவார்களாக. தமிழ் வேண்டுமென்றே நாம் அங்கே பெயர் எழுத வேண்டும்.

வரவிருக்கும் திருநாள்கள்

ஆகஸ்டு 5-ஆம் நாள் தூத்துக்குடிப் பனிமய மாதா திருநாள். ஊர் செல்ல இயலாதவர் இங்கேயே தம் பங்கில் பூசைக் கருத்து எழுதி ஒப்புக்கொடுக்கலாம்.

ஆகஸ்டு 15 தேவமாதா விண்ணேற்புத் திருநாள். நாட்டின் விடுதலை நாளும் அதுவே. பூசையும் கொடி வணக்கமும் ஒரே காலையில் நிகழும் பங்குகள் பல.

ஆகஸ்டு 29 அன்று வேளாங்கண்ணியில் கொடியேறி, செப்டம்பர் 8 அன்று திருநாள் நிறைவுறும். மும்பையில் தமிழர் மிகுந்த பங்குகளில் அவ்வொன்பது நாளும் தமிழில் நவநாள் நடைபெறும். அதே ஒன்பது நாளும் மங்களூர்க் குடும்பத்துச் சிறுவர் கூடை நிறைய மலர் கொண்டு வந்து மாதாவுக்குத் தூவுவர்; 8-ஆம் நாள் புதுநெற்கதிரை மந்திரித்து வீட்டுக்கு எடுத்துச் சென்று, அம்மணிகளைப் பாலிலோ பாயசத்திலோ கலந்து அனைவரும் உண்பர். பொங்கலைக் கொண்டாடும் நமக்கு இவ்விழாவின் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை. அடுத்த வீட்டு மங்களூர் அம்மையார் அழைத்தால் செல்க. நம் வீட்டுக்கும் அவரை அழைக்க.

செப்டம்பர் 8-க்குப் பின்வரும் ஞாயிறு பாந்திரா மலைமாதா திருநாளின் தொடக்கம். ஒரு வாரம் நீடிக்கும் இத்திருவிழாச் சந்தை நகரத்துக்கே பொதுவானது. இன்றுள்ள ஆலயக் கட்டடம் 1904-ஆம் ஆண்டில் எழுந்தது. நெரிசல் மிகுதியாதலின் சிறுவரை அழைத்துச் செல்வோர் வார நாளின் காலைப்பொழுதைத் தேர்ந்துகொள்க. பிள்ளையின் சட்டைப் பையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதி வைத்தல் நன்று.

அக்டோபர் செபமாலைத் திங்கள். வட்டாரத்துக் குடும்பங்கள் ஒரு வீட்டினின்று மறு வீட்டுக்கு மாதா சுரூபத்தை எடுத்துச் சென்று மாலைதோறும் செபிக்கும் வழக்கம் பல பங்குகளில் உண்டு. நம் வீட்டின் முறை வரும்போது ஒரு காரணிக்கத்தைத் தமிழில் சொல்லலாம். வந்திருப்போர் மகிழ்ந்து கேட்பர்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். இந்நகரில் அடக்கமானவர்க்கு உற்றார் அருகில் இல்லாமலிருக்கலாம். தனியாக வந்து உழைத்து இங்கேயே மறைந்த தமிழர் ஒருவரின் கல்லறையிலும் மாடத்திலும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வருதல் நம் கடன்.

கிறிஸ்து பிறப்புக்கு முந்திய நான்கு ஞாயிறுகள் ஆயத்தக் காலம். வட்டாரங்களுக்கிடையே குடில் போட்டியும் பாடற் போட்டியும் நிகழும். இரவு 10 மணிக்குப் பின் ஒலிபெருக்கிக்குத் தடை இருப்பதால், நள்ளிரவுப் பூசை பல பங்குகளில் முன்னிரவிலேயே தொடங்கிவிடுகிறது. புதிதாக வந்தோர் நேரத்தை முன்னரே கேட்டறிக.

செய்ய வேண்டியது

வரும் ஞாயிறன்று தமிழ்ப் பூசைக்குச் செல்லுமுன், அல்லது சென்று வந்த பின், தாம் குடியிருக்கும் இடத்துப் பங்குக் கோவிலின் அலுவலகத்துக்குக் குடும்பத் தலைவர் ஒருவர் சென்று வருவாராக. குடும்பத்தார் பெயர்ப் பட்டி, முகவரிச் சான்று, ஞானஸ்நான, திருமணச் சீட்டுகளின் நகல் ஆகியவற்றை உடன் கொண்டு செல்க. படிவம் ஆங்கிலத்தில் இருக்குமாயின் நிரப்பித் தரப் பள்ளி செல்லும் மகனோ மகளோ போதும். ஒருவரும் இல்லாதவர்க்கு நம் சங்கத்து அன்பர்கள் உதவுவர்.

கத்தோலிக்கர் அல்லாத நேயர்களும் தம் அண்டை வீட்டுத் தமிழ்க் குடும்பத்துக்கு இச்செய்தியைப் படித்துக் காட்டுவார்களாயின் நன்றியுடையோம். அண்மையில் ஊரினின்று வந்து, பேச்சுத் துணையின்றி இருக்கும் இளைஞர்க்கும் புதுமணத் தம்பதியர்க்கும் இது மிகவும் பயன்படும். அவர்கள் வந்து மூன்று திங்கள் ஆகிவிட்டதா என்று மட்டும் கேளுங்கள்.